அகப்பை மங்கில் விழுந்த கொட்டைகள்

வெள்ளையம்மா என்ற பெயரை அங்கம்மா முதன்முதலில் கேட்டது தன்னுடைய கல்யாணப் பேச்சில்தான். மலாயாவில், பத்து பாகாட் ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவள் அப்பா பால் வெட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தம் பேச வந்தவர் மாப்பிள்ளை செல்லப்பனுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை. மாப்பிள்ளைக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை என்று அவர் சொன்னதும், அப்படியானால் மாமியார் தொந்தரவு இல்லை என்று அங்கம்மாவின் தாய் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். சித்தப்பா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"மாமியார் இல்லதான். ஆனா மாப்பிள்ளைக்கு ஒரு அக்கா இருக்கா, வெள்ளையம்மான்னு பேரு. மாமியார்னு ஒருத்தி இருந்திருந்தா அவளும் இவளுக்குப் பயந்துகிட்டுதான் இருந்திருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அங்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷம். கூலாய்க்கு வடக்கே இருந்த ஆத்தடித் தோட்டத்துக்கு அவள் தாலியோடு வந்து இறங்கினபோது, கூலிகள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றது அந்த வெள்ளையம்மாவேதான். நெட்டையாக, கறுப்பாக, முன்பல் ஒன்று உடைந்து, பார்த்தால் கடுகடு என்று இருந்தாள். ஆரத்தி சுற்றி முடித்ததும் புதுப்பெண்ணின் கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை காய்த்திருந்தது. "வேலை செஞ்ச கைதான். உள்ள வா," என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு.

ஐந்து வயதில் தாய் தகப்பனோடு கப்பலில் வந்தவள் வெள்ளையம்மா. செல்லப்பன் இங்கே பிறந்தவன். பெற்றவர்கள் இரண்டு பேரும் காய்ச்சலில் போன பிறகு தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு புல் வெட்டி வளர்த்தவள் அவள். அவள் புருஷனும் காய்ச்சலில்தான் போனான். செல்லம் என்று ஒரு பெண், அதற்குப் பின்னால் ஒரு ஆண் குழந்தை, அவன் தகப்பன் போன பிறகு பிறந்தவன்.

அந்த ஆண் குழந்தையைப் பற்றிச் சொல்லாமல் வெள்ளையம்மாவைப் பற்றிச் சொல்ல முடியாது. தோட்டத்தில் பால் வெட்டுகிற பெண்கள் விடியுமுன்னே கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தங்கள் மர நிரைக்குப் போவார்கள். வெட்டி முடித்து, மரத்தில் கட்டின மங்குக் கிண்ணங்களில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குழந்தையிடம் வரும்போது உச்சி சாய்ந்துவிடும். அதுவரைக்கும் கஞ்சித்தண்ணீர்தான் குழந்தைக்கு. இருபத்தாறாம் வருஷம் ஒருநாள், குழந்தை கண்ணைச் செருகுகிறது என்று ஆயா ஆள் அனுப்பினாள். ஐயாசாமி கங்காணி, பாலைச் சேர்த்துவிட்டுப் போ, மரத்திலேயே உறைந்துவிடும் என்றார். வெள்ளையம்மா ஓட்டமும் நடையுமாகச் சேர்த்தாள். அவள் கொட்டகைக்குப் போனபோது குழந்தையின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

அன்றைக்கு அவள் அழவில்லை. மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்தாள். கங்காணி பெயர் கூப்பிட்டு, அவள் பெயர் வந்ததும், இருக்கிறேன் என்று சொல்வதற்குப் பதிலாக, "கைக்குழந்தைக்காரிங்களுக்குப் பத்து மணிக்குப் பால் குடுக்க விடணும்," என்றாள். அதற்கு மறுநாளும் அதையே சொன்னாள். மூன்று வருஷம், ஒருநாள் தவறாமல். அவளுக்குப் பால் குடிக்கிற குழந்தை இல்லை. மற்றவர்களுக்காகத்தான் கேட்டாள். முதலில் கங்காணி அறைந்தார். பிறகு திட்டினார். கடைசியில் அதையே வேடிக்கையாக்கி, "நான் பெரட்டு கூப்பிடறேன், இவ என்னையே பெரட்டு கூப்பிடறா," என்று சொல்லி ஆண்களைச் சிரிக்கவைத்தார்.

அங்கம்மாவுக்கு இதெல்லாம் கூச்சமாக இருந்தது. நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள், பயமும் உண்டு, மரியாதையும் உண்டு. ஆனால் பெரட்டுக் களத்தில் அண்ணியின் குரல் எழுந்ததும் தலையைக் குனிந்துகொள்வாள். இருபத்தொன்பதாம் வருஷம் அவளுக்கே பிள்ளை பிறந்து, மூன்றாம் மாதம் நிரைக்குத் திரும்பின பிறகுதான் அந்தப் பத்து மணி என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரிந்தது. ஒன்பது மணியிலிருந்தே மார்பு கல்லாகிவிடும். ரவிக்கை நனைந்து, அதில் ஈ மொய்க்கும்.

அந்த வருஷம் ஆவணியில்தான் சபாபதி ஐயா வந்தார். கடல் தாண்டிப் போன தமிழ் ஜனங்களின் நிலைமையைப் பார்ப்பதற்கென்று மதராஸில் சில வக்கீல்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவர்கள் அனுப்பினவர், அவரும் ஒரு வக்கீல். துரையிடம் கடுதாசி கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு, வெள்ளைத் தலைப்பாகையும் குடையுமாக லயத்துக்குள் வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று என்ன குறை என்று கேட்டார். கங்காணி பத்தடி தள்ளிக் கூடவே வந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதில்தான், குறை ஒன்றும் இல்லீங்க. வெள்ளையம்மாவின் வாசலில் மட்டும் ஐயாவுக்கு உட்கார ஒரு பலகை கிடைத்தது. உட்கார்ந்தவர் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

எழுந்தபோது அவருடைய கண் சிவந்திருந்தது. ஜனங்களைக் கூட்டி, குறை இருந்தும் இல்லை என்கிறீர்கள், அது பயம், பயம் போகவேண்டுமானால் உங்களுக்காகப் பேச நீங்களே ஐந்து பேரைப் பொறுக்க வேண்டும் என்றார். கங்காணி நியமிக்கிற பஞ்சாயத்து இல்லை, நீங்கள் ஓட்டுப் போட்டு வைக்கிற பஞ்சாயத்து. துரையிடம் பேசிவிட்டேன், அவரும் சம்மதித்துவிட்டார். துரை சிரித்துக்கொண்டேதான் சம்மதித்தார் என்று ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி பிற்பாடு சொன்னார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி ஓட்டுப் போடுவது என்று ஒரு பேச்சு வந்தது. எல்லார் கைக்கும் கிடைக்கிற, காசு கேட்காத பொருள் ஏதாவது சொல்லுங்கள் என்றார் ஐயா.  பின்வரிசையில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அங்கம்மா, பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதுபோல், "பால்மரக் கொட்டைதான் கிடக்குதே, வெடிச்சு வெடிச்சு," என்றாள். கொட்டை விழுகிற காலம் அது. நிரைக்குள் நடந்தால் காலுக்கடியில் அதுதான். ஐயாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. நல்ல யோசனை என்று அவளைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார். அங்கம்மா தன் ஆயுளில் படித்த மனிதர் ஒருவர் வாயால் கேட்ட முதல் பாராட்டு அது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. ஆயாக் கொட்டகைக்குள் கோணியைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் எட்டு மங்குகள் வைத்தார்கள். நிற்கிறவர்கள் எட்டுப் பேர். பெயர் எழுதினால் படிக்கத் தெரியாதே, அதனால் ஒவ்வொரு மங்குக்கு முன்னாலும் ஒரு அடையாளம். கங்காணியும் நின்றார், அவருக்கு வெற்றிலை. வெள்ளையம்மாவுக்கு அகப்பை. ஆளுக்கு ஐந்து கொட்டை கொண்டுவந்து, விருப்பப்பட்ட ஐந்து மங்கில் ஒவ்வொன்றாகப் போடவேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது ஆண்டவன் ஒருவனுக்குத்தான் தெரியும், கையைப் பிடித்து யாரும் கேட்க முடியாது என்று ஐயா அடித்துச் சொன்னார். ஜனங்கள் நம்பினார்கள். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் தெரியவில்லை.

ஓட்டுக்கு முன்னால், நிற்கிறவர்கள் இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். கங்காணி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். வெள்ளையம்மா எழுந்தாள். பத்து மணி, பால், ஆயாக் கொட்டகை, அதே பேச்சுதான். ஆனால் அன்றைக்கு ஒன்று கூடச் சொன்னாள்.

"என் பேச்சு பொய்யின்னு நெனைக்கிறவங்க என் தம்பி பொண்டாட்டியப் பாருங்க. அந்தா நிக்கிறா. ரவிக்கை நனைஞ்சிருக்கு. நிரையில அவ பால் மண்ணுல சொட்டுது, இங்க கொட்டகையில அவ புள்ளை கஞ்சித்தண்ணி குடிக்குது. ரெண்டு பாலும் இந்தத் தோட்டத்துலதான் வடியுது. எதைச் சேர்த்து வைக்கிறாங்கன்னு பாருங்க."

அத்தனை பேரும் திரும்பினார்கள். ஆண்களில் யாரோ ஒருவன் தொண்டையைக் கனைத்தான், இன்னொருவன் சிரித்தான். அங்கம்மா முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள்.  ஐயா தலையை அசைத்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவள் முறை வந்தபோது கோணிக்குப் பின்னால் போனாள். கையில் ஐந்து கொட்டை, காலையில் தன் நிரையில் வாளி இறக்கிவைக்கிற மரத்தடியில் பொறுக்கியது. நாலு மங்கில் நாலு போட்டாள். அகப்பைக்கு முன்னால் நின்றாள். இந்த வாய் இன்றைக்கு என் மானத்தை வாங்கியது, இதற்கு நான் கொட்டை வேறு போடவேண்டுமா என்று நினைத்தாள். கடைசிக் கொட்டையை வெற்றிலை வைத்த மங்கில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். கோபம்தான். வேறொன்றும் இல்லை. கங்காணியை அவளுக்கும் பிடிக்காது.

எண்ணினார்கள். எல்லாரையும்விட அகப்பை மங்கில்தான் அதிகம், மங்கு வழிந்து தரையில் உருண்டது. கங்காணி ஆறாவதாக வந்தார். ஐந்து பேருக்குள் வரவில்லை. லயமே குலவை போட்டது. செல்லப்பன் அக்காவைத் தூக்காத குறைதான். வெள்ளையம்மா அங்கம்மாவின் தோளைத் தொட்டு, "ஒன்ன வச்சுப் பேசினேன்னு கோவமா?" என்று கேட்டாள். இல்லை அண்ணி என்றாள் அங்கம்மா.

சபாபதி ஐயா ஒழுங்கான மனிதர். எதற்கும் அத்தாட்சி வேண்டும் என்பவர். நாளைக்கு ஒருவரும் எண்ணிக்கை தப்பு என்று சொல்லக்கூடாது என்று, ஒவ்வொரு மங்கிலும் இருந்த கொட்டையைத் தனித்தனித் துணியில் முடிந்து, அடையாளம் எழுதி, ஆபீசில் கிராணியிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு வடக்கே மலாக்கா, பேராக் பக்கம் போனார். அந்த முடிச்சுகள் கிராணியின் மேஜைக்கு அடியில் ஒரு வாரம்தான் இருந்தன.

பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் அது ஆரம்பித்தது. ஒரு குடும்பத்தை நல்ல நிரையிலிருந்து மலைக்காட்டுக்கு மாற்றினார் கங்காணி. மேலே கிழட்டு மரங்கள், பட்டை முழுக்கக் காயம், ஏறி இறங்கினால் முட்டி விட்டுப்போகும், பாலும் பாதிதான். அடுத்த வாரம் இன்னொரு குடும்பம். அதற்கடுத்து மூன்று. மாற்றப்பட்டவர்கள் எல்லாரும் அகப்பைக்குப் போட்டவர்கள், குறி ஒன்றுகூடத் தப்பவில்லை. எப்படித் தெரிந்தது? கோணிக்குப் பின்னால் யாரும் ஒளிந்திருக்கவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று ஜனங்கள் முடிவு கட்டினார்கள். பக்கத்து வாசலோடு பக்கத்து வாசல் பேசுவது நின்றது. குழாயடியில் ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி துப்பினாள். வருஷக்கணக்காக மாமா மச்சான் என்று இருந்தவர்கள் தீ வாங்கக்கூடப் போகவில்லை.

வெள்ளையம்மாவையும் செல்லப்பனையும் மாற்றினார்கள். அங்கம்மாவை மாற்றவில்லை. அவள் தன் பழைய நிரையிலேயே வெட்டிக்கொண்டிருந்தாள். அதை எல்லாரும் பார்த்தார்கள்.

ஒருநாள் வெயில் ஏறின நேரம், ஐயாசாமி கங்காணி அவள் நிரைக்கு வந்தார். கையில் இரண்டு கொட்டை.

"இது ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா? பாத்துச் சொல்லு புள்ள."

"கொட்டை எல்லாம் ஒண்ணுதானுங்களே ஐயா."

"மதராஸ்காரரும் அப்படித்தான் நெனச்சாரு." அவர் உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். "கோடு பாரு, புள்ளி பாரு. ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க வேற வேற முகமா இருக்கும். ஒரு மரத்துக் கொட்டை அப்படி இல்ல. ஆயிரம் விழுந்தாலும் ஒரே முகம். அடுத்த மரத்துக்கு வேற முகம். பன்னெண்டு வருசமா நாத்துக்குக் கொட்டை பொறுக்கறவன் நான். இது ஒன் வாளி எறக்கற மரத்துக் கொட்டை. இதோட கூடப்பொறந்தது வெத்தலை முடிச்சுல இருக்கு. அகப்பை முடிச்சுல இல்ல. நல்ல புள்ள நீ."

அங்கம்மா அந்தக் கொட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டு முடிந்த அந்தப் பத்துப் பதினைந்து நாள் கங்காணி நிரைநிரையாகக் குனிந்து கொட்டை பொறுக்கினதை எல்லாரும் பார்த்தார்கள். நாற்றுக்கு என்றுதான் நினைத்தார்கள். ஓட்டன்றைக்கு அவரவர் தங்கள் நிரையில், தாங்கள் உட்கார்ந்து பசியாறுகிற மரத்தடியில் கிடந்ததைத்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வேறு எங்கே போய் எடுப்பார்கள்? கொட்டை என்று முதலில் சொன்ன வாய் தன்னுடையது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கங்காணி போகும்போது இன்னொன்றும் சொன்னார். ரப்பர் விலை விழுகிறது, ஆள் குறைக்கவேண்டும் என்று துரை சொல்லியிருக்கிறார், இன்றைக்கில்லாவிட்டாலும் அடுத்த வருஷம் ஊருக்குக் கப்பல் ஏற்றுகிற பட்டியல் வரும், எழுதப்போவது நான்தான். உன் புருஷன் கொட்டை அகப்பை முடிச்சில் இருக்கிறது, பார்த்து நடந்துகொள் என்றார்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நீ அகப்பைக்குப் போடவில்லையா என்ற கேள்வி வரும். ஒரு மாதம் லயத்து ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டுக் குடுமிப்பிடியாய்க் கிடந்தார்கள். ஒரு வார்த்தையில் அதை நிறுத்தியிருக்க முடியும். அவள் பிள்ளையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளையம்மா சும்மா இருக்கிறவளா? கூலாய் முச்சந்தியில் கடை வைத்திருந்த சுப்ஹான் மரைக்காயரைக்கொண்டு ஐயாவுக்குக் கடுதாசி போட்டாள். மரைக்காயர் நாகூர்ப் பக்கத்து மனிதர், தோட்டத்துக் கடுதாசி எல்லாம் அவர் கையெழுத்துதான். கார்த்திகையில், மதராஸ் கப்பலைப் பிடிக்கச் சிங்கப்பூர் போகிற வழியில், சபாபதி ஐயா மறுபடி வந்தார். அதற்குள் கங்காணி கொட்டை பொறுக்கினதையும் ஆட்கள் மாறினதையும் வெள்ளையம்மா சேர்த்துப் பார்த்திருந்தாள். அவளும் நிரைநிரையாக நடந்து கொட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள்.

ஆபீஸ் வராந்தாவில் விசாரணை. துரை உள்ளே கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். கிராணி அவருக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளையம்மா மடியிலிருந்து கொட்டைகளைக் கொட்டினாள். "கங்காணியாரே, இது யார் நிரைக் கொட்டை?" என்று கேட்டாள்.

ஐயாசாமி கங்காணி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, கீழே வைத்தார். "எனக்கென்னம்மா தெரியும்? கொட்டை கொட்டைதான்."

ஐயா எடுத்துப் பார்த்தார். அவருக்கும் கோடு தெரிந்தது, புள்ளி தெரிந்தது. முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் வக்கீல். இதை வைத்துத்தான் அவர் ஆட்களை மாற்றினார் என்பதற்குச் சாட்சி யார், அவர் வாயால் சொல்லிக் கேட்டவர் உண்டா என்று ஜனங்களைப் பார்த்துக் கேட்டார். வெள்ளையம்மா திரும்பி அங்கம்மாவைப் பார்த்தாள்.

"அங்கம்மா, ஒன் நிரைய மட்டும் மாத்தல. ஒங்கிட்ட அவர் எதோ பேசிட்டுப் போனதை மலைக்காட்டுலேருந்து நானே பாத்தேன். சொல்லு."

அங்கம்மா முன்னால் வந்தாள். பிள்ளை இடுப்பில் இருந்தது. பயப்படாமல் சொல்லுங்கள் அம்மா, உங்களுக்கு ஒன்றும் வராமல் எங்கள் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்றார் ஐயா. நல்ல மனசோடுதான் சொன்னார். அதில் பொய் இல்லை.

"ஐயா அடுத்த மாசம் எங்க இருப்பீங்க?" என்று கேட்டாள் அவள்.

"மதராஸில் இருப்பேன். கடிதம் போட்டால் உடனே பதில் எழுதுவேன்."

"கங்காணி இங்கதாங்க இருப்பாரு."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிராணி அதை உள்ளே இருக்கிறவருக்கு மொழிபெயர்க்கவில்லை. அங்கம்மா செல்லப்பனைத் தேடினாள். அவன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, சொல்லிவிடு என்பதுபோல் தலையை அசைத்தான். அவனுக்குப் பட்டியலைப் பற்றித் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள்.

வெள்ளையம்மா கீழே உட்கார்ந்து கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.  ஐயா அன்று மாலை ரயிலில் சிங்கப்பூர் போய்விட்டார். போகும்போது வெள்ளையம்மாவைக் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு செல்லப்பன் ஒரு மாதம் பெண்டாட்டியோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவான், தண்ணீர் வேண்டுமென்றால் தானே எழுந்து போவான். வெள்ளையம்மா மூன்று நாள்தான் பேசாமல் இருந்தாள். நாலாம் நாள் வாசலில் வந்து நின்று, புள்ளைக்கு இருமல் கேட்குதே, வசம்பு தேய்ச்சியா என்று கேட்டாள். பேச்சு அதோடு சரி. பெரட்டில் அவள் பத்து மணியைக் கேட்பதை நிறுத்தவில்லை. பஞ்சாயத்து என்று ஐந்து பேர் பெயருக்கு இருந்தார்கள். ஒருநாளும் துரை அவர்களைக் கூப்பிடவில்லை.

மறு வருஷம் ஆடியில் பட்டியல் வந்தது. எங்கே பார்த்தாலும் தோட்டங்கள் ஆட்களைத் துரத்திக்கொண்டிருந்த சமயம், கூலாய் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு ஜனங்கள் படுத்துக் கிடந்தார்கள். ஆத்தடித் தோட்டத்துப் பட்டியலில் ஒன்பது குடும்பம். ஒன்பதும் அகப்பை. முதல் பெயர் வெள்ளையம்மா, கூட மகள் செல்லம். செல்லப்பன் பெயர் இல்லை. கங்காணி சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தார்.

அங்கம்மா ஸ்டேஷனுக்குப் போனாள். செல்லம் பத்து வயசுப் பெண், அத்தை கையைப் பிடித்துக்கொண்டு, ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டது. யாரும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வெள்ளையம்மா அந்த ஊரை விட்டு வந்தது ஐந்து வயதில். ஆற்றங்கரையில் ஒரு அரசமரம், அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

"அண்ணி, நான் ஒங்களுக்குக் கொட்டை போடல," என்றாள் அங்கம்மா. 

"தெரியும். அன்னிக்கு விசாரணை முடிஞ்சதும் கங்காணி என்கிட்ட வந்து சொல்லிச் சிரிச்சாரு."

"கோவம் இல்லையா?"

"இல்லைன்னு சொல்லமாட்டேன். இருக்கு. கப்பல்ல போறப்பவும் இருக்கும்." வெள்ளையம்மா பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். "நீ பேசியிருந்தா இவனும் இந்த ரயில்லதான் ஏறியிருப்பான். அதுவும் தெரியும். ரெண்டையும் வச்சுக்கிட்டுத்தான் போறேன். நீ போய் வேலையப் பாரு."

ரயில் போன பிறகு அங்கம்மா தோட்டத்துக்குத் திரும்பவில்லை. நேராகச் சுப்ஹான் மரைக்காயர் கடைக்குப் போனாள். வராந்தாவில் தெரியாது என்று சொன்னதை எல்லாம் சொன்னாள், கங்காணி கையில் இருந்த கொட்டை, வெற்றிலை முடிச்சு, பட்டியல், ஒன்றுவிடாமல். மரைக்காயர் எழுதிக்கொண்டே வந்து, பெயர் போடவா என்று கேட்டார். "போடுங்க, பாய்," என்றாள். மதராஸுக்குக் கடுதாசி போயிற்று. நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது, மிகவும் துயரப்பட்டோம், சங்கத்து அறிக்கையில் சேர்க்கப்படும். பிறகு அந்த அறிக்கையும் புத்தகமாக வந்தது. மரைக்காயர் கடையில் படித்துக் காட்டினார். ஜோகூரில் ஒரு தோட்டத்தில் இவ்விதம் நடந்ததாக அறிகிறோம் என்று இரண்டு வரி இருந்தது. பெயர் யாருடையதும் இல்லை. பாதுகாப்புக்காகப் பெயரை எடுத்துவிட்டோம் என்று ஐயா தன் கைப்பட ஓரத்தில் எழுதியிருந்தார். இந்தத் தடவை அவர் ஜாக்கிரதையாக இருந்தார்.

பழைய துரை சீமைக்குப் போய், புதுத் துரை வந்த வருஷம் ஒருநாள் பெரட்டில், கைக்குழந்தைக்காரிகள் பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போய் வரலாம் என்று கிராணி படித்தார். அந்தப் புத்தகத்தால் வந்ததா, வேறு எதனால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஐயாசாமி கங்காணிதான் மணி அடித்தார். அங்கம்மாவுக்கு அப்போது இரண்டாவது பிள்ளை. வாளியை மரத்தடியில் வைத்துவிட்டுக் கொட்டகைக்கு நடந்தாள். கூட நாலைந்து பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் புதுசாக வந்தவர்கள், இந்த மணி யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. அங்கம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். கொடுக்கும்போது அழுதாள். உடம்பு சரியில்லையா என்று ஆயா கேட்டதற்கு, தலைவலி என்றாள்.

பத்து மணியின் சேதியை அக்காவுக்கு எழுதலாமே என்று செல்லப்பன் சொன்னான். விலாசம் என்று ஒன்று அப்போது யாரிடமும் இல்லை. இரண்டு வருஷம் போய், சுப்ஹான் மரைக்காயர் மகள் கல்யாணத்துக்கு ஊர் போனபோதுதான் விசாரித்து அவளை நாகப்பட்டினத்தில் கண்டுபிடித்தார். சேதியையும் அவரே நேரில் சொன்னார். வெள்ளையம்மா கேட்டுக்கொண்டு, எத்தனை நிமிஷம் விடுகிறார்கள் என்று மட்டும் கேட்டாளாம். கால் மணி என்றாராம். பத்தாது என்றாளாம்.

வெள்ளையம்மா இப்போது நாகப்பட்டினத்தில் ஒரு நெல் ஆலையின் களத்தில் நெல் காயவைக்கிற வேலை செய்கிறாள். செல்லத்தை அதே ஆலையில் வண்டி ஓட்டுகிறவனுக்குக் கட்டிக்கொடுத்து, அவர்களோடு வெளிப்பாளையத்தில் குடியிருக்கிறாள்.